ஏழு நாள் கடல் வாசம்

"மாலத் தீவுக்குப் போய் வந்தேன்" என்று சொன்னால் எங்கள் ஊரில் முதலில் எழும் கேள்வி, "அங்கே பெருமாளா, சிவனா?" என்பதுதான். திருவந்திபுரத்துக்காரர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. தேவநாத ஸ்வாமியைச் சேவிக்கவும், ஔஷதகிரியின் படியேறி ஹயக்ரீவரை வணங்கவும், முகூர்த்த நாளில் வரிசை வரிசையாகக் கல்யாணங்கள் நடத்தவும் உலகம் எங்களைத் தேடி வருகிறது. நாங்கள் எங்கும் போவதில்லை. கடலும் எங்களுக்கு ஐந்து மைல் தூரந்தான். ஆனால் அதனோடு எங்கள் உறவு, காணும் பொங்கலன்று தேவனாம்பட்டினம் போய் முழங்கால்வரை நனைத்துக்கொண்டு, சுண்டல் தின்று திரும்புவதோடு சரி. 2004-ஆம் வருஷத்து டிசம்பர் 26-க்குப் பிறகு அந்த முழங்காலும் கணுக்காலாகிவிட்டது.

இப்படிப்பட்ட ஊரிலே பிறந்து, பெண்கள் பள்ளிக்கூடத்தில் இருபது வருஷமாகக் கணக்குச் சொல்லிக் கொடுத்து வரும் நான், நாற்பத்தைந்தாவது வயதில் நீந்தக் கற்று, புதுச்சேரியில் ஸ்கூபா என்னும் முக்குளிப்பும் பயின்று, சென்ற மே மாத விடுமுறையில் ஏழு நாள் ஒரு கப்பலிலேயே குடியிருந்து கடலுக்குள் இறங்கி ஏறிவிட்டு வந்தேன். ஏன் இந்த விபரீத புத்தி வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். என்னை அழைத்துச் சென்றவள் என் தமக்கையின் பெண். பெங்களூரில் உத்தியோகம் பார்க்கிறாள். செலவில் பெரும்பகுதியும் அவளுடையதே. என் சம்பளத்தில் நடக்கிற காரியமல்ல அது என்பதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் நேயர்கள் ஆசிரியர்களின் சம்பளத்தைப் பற்றித் தவறான எண்ணம் கொண்டுவிடுவார்கள்.

மாலத் தீவுகள் என்பவை வடக்கிலிருந்து தெற்காக எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல், மாலை போலக் கிடக்கும் ஆயிரத்து இருநூறுக்குச் சற்றுக் குறைந்த சிறு தீவுகள். அவற்றில் மக்கள் வாழ்பவை இருநூறு அளவே. பவளப் பாறைகள் வளையமாக அமைந்து நடுவே ஆழமற்ற கடலைச் சுற்றி நிற்கும் அமைப்பை உலகமெல்லாம் இன்று 'அடால்' என்கிறார்களே, அது அந்நாட்டுத் திவேஹி பாஷை உலகத்துக்குக் கொடுத்த சொல். நல்ல பாறைகள் ஒன்றுக்கொன்று வெகு தூரத்தில் இருப்பதால், ஒரு தீவில் தங்கி எல்லாவற்றையும் பார்த்துவிட முடியாது. ஆகவே வீட்டையே கூட எடுத்துக்கொண்டு போகிறார்கள். அதுதான் இந்த வாசக் கப்பல்.

எங்கள் கப்பல் முப்பது மீட்டர் நீளமுள்ளது; மூன்று தட்டு, பத்து அறை. விருந்தாளிகள் பதினெட்டுப் பேர், சிப்பந்திகள் பன்னிரண்டு பேர். கடல் நீரைக் குடிநீராக்கும் யந்திரம் ஒன்றும், இரவு பகல் ஓயாத டீசல் யந்திரம் ஒன்றும் கீழ்த்தட்டில் இருந்தன. முதல் நாள் இரவு அந்தச் சத்தத்தில் தூக்கமில்லை. கடைசி நாள் இரவு அது நின்றுபோனதால் தூக்கமில்லை. பெரிய கப்பலுக்குப் பின்னாலேயே ஒரு சிறு படகு கன்றுக்குட்டி போல வந்துகொண்டிருந்தது. காற்றுச் சிலிண்டர்கள், அவற்றை நிரப்பும் யந்திரம், ஈர உடைகள் எல்லாம் அதில்தான். கடலில் இறங்க வேண்டுமென்றால் அந்தப் படகுக்கு மாறி ஏறவேண்டும். "இதற்கு என்ன பெயர்?" என்று மாலுமி ஒருவரைக் கேட்டேன். "தோனி" என்றார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நம் தோணிதான்! ராஜராஜ சோழன் வென்றதாகக் கல்வெட்டுச் சொல்லும் பன்னீராயிரம் பழந்தீவுகள் இவையே என்பது சரித்திர ஆசிரியர் பலருடைய கருத்து. சோழனுடைய ஆட்சி போய் ஆயிரம் வருஷமாகிவிட்டது. தோணி மாத்திரம் இன்னும் மிதக்கிறது.

கப்பலில் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு மணி அடிப்பார்கள். ஒரு குவளைத் தேநீர். பிறகு வழிகாட்டி ஒரு வெள்ளைப் பலகையின் முன் நின்று, இறங்கப்போகும் பாறையைப் படம் எழுதிக் காட்டுவார்: நீரோட்டம் எந்தத் திசை, எவ்வளவு ஆழம், எங்கே திரும்புவது, என்ன தென்படக்கூடும். இருபது வருஷமாகக் கரும்பலகையோடு பழகிய நான் அந்தப் பலகையைப் பார்த்து அசூயைப்பட்டேன். அத்தனை கவனமாகக் கேட்கும் வகுப்பு எனக்கு ஒரு நாளும் வாய்த்ததில்லை. கேட்காதவனுக்குத் தண்டனை மதிப்பெண் குறைவதல்லவே!

ஏழு மணிக்குள் முதல் முழுக்கு. திரும்பி வந்து காலை ஆகாரம். பதினொரு மணிக்கு இரண்டாவது, மூன்று மணிக்கு மூன்றாவது. சில நாள் இரவிலும் உண்டு. நடுவே சாப்பாடு, தூக்கம், மறுபடி சாப்பாடு. கப்பலின் பிரயாணமெல்லாம் பகலில்தான். இருட்டில் பாறைகளுக்கு நடுவே ஓட்டுவது ஆபத்தானதால், இரவில் அடாலுக்குள்ளே அமைதியான நீரில் நங்கூரம் பாய்ச்சிவிடுவார்கள். வந்தவர்களில் ஜெர்மானியர், இத்தாலியர், சீனர், கொச்சியிலிருந்து ஒரு டாக்டர் தம்பதி எல்லாரும் இருந்தார்கள். முதல் நாள் ஒருவரை ஒருவர் பார்த்துப் புன்னகை செய்ததோடு சரி. இரண்டாம் நாள் முதல், ஒருவர் முதுகிலுள்ள வாரை மற்றவர் இழுத்துக் கட்டுவதும், குழாயைத் திறந்து பார்ப்பதும், காற்று எவ்வளவு என்று கேட்பதுமாக நெருங்கிவிட்டார்கள். யாரும் தனியே இறங்கக்கூடாது. இருவர் இருவராகவே இறங்கவேண்டும். ஒருவர் காற்று தீர்ந்தால் மற்றவருடைய சிலிண்டரில் உள்ள இரண்டாவது குழாயை வாங்கி மூச்சு விடலாம். ஆகையால் ஜோடியில் இருப்பவர் யாராயிருந்தாலும் அவரோடு சண்டை பிடிக்க ஒருவருக்கும் துணிவு வருவதில்லை.

நீருக்கடியில் பேச முடியாது. எல்லாம் கைச்சாடைதான். கட்டை விரலை உயர்த்திக் காட்டினால் நம்மில் 'பேஷ்!' என்று அர்த்தம். அங்கே 'மேலே போவோம்' என்று அர்த்தம். சௌக்கியம் என்று சொல்லக் கட்டை விரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்து வட்டம் காட்டவேண்டும். கொச்சி டாக்டர் ஓர் ஆமையைக் கண்ட ஆனந்தத்தில் கட்டை விரலை உயர்த்தப் போக, அவர் மனைவி உடனே அவர் கையைப் பிடித்து மேலே இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இனிக் கொஞ்சம் கணக்கு. முதுகில் கட்டும் சிலிண்டரில் இருப்பது 'ஆக்ஸிஜன்' என்று பலர் நினைக்கிறார்கள். அன்று, சாதாரணக் காற்றுத்தான், அழுத்தி அடைத்தது. சுத்தமான பிராணவாயு, சுமார் ஆறு மீட்டர் ஆழத்துக்குக் கீழே விஷமாகிவிடும். பன்னிரண்டு லிட்டர் சிலிண்டரில் இருநூறு மடங்கு அழுத்தத்தில் அடைத்தால் 2,400 லிட்டர் காற்று. நிமிஷத்துக்கு இருபது லிட்டர் சுவாசிக்கும் ஒருவருக்கு நீர்மட்டத்தில் இது இரண்டு மணி நேரம் வரும். ஆனால் பத்து மீட்டர் கீழே போனால் சுற்றிலும் அழுத்தம் இரு மடங்கு. ஒவ்வொரு மூச்சுக்கும் இரு மடங்கு காற்று செலவாகும். ஆகவே ஒரு மணி. இருபது மீட்டரில் நாற்பது நிமிஷம். முப்பதில் அரை மணி. இது வெறும் கணக்குத்தான். மேலே வரும்போது சிலிண்டரில் ஐம்பது மிச்சமிருக்க வேண்டும் என்பது விதியாகையால், உண்மையில் இதைவிடக் குறைவு. பயந்தவன் வேகமாக மூச்சு வாங்குவான். அவனுடைய காற்று முதலில் தீரும். தைரியசாலி என்று பெயரெடுத்தவன் வீணாகக் கையைக் காலை ஆட்டுவான், அவனுடையதும் தீரும். மெதுவாக, நீளமாக மூச்சு விட்டு, அசையாமல் மிதப்பவனுக்கே அதிக நேரம் கிடைக்கும். நம் பெரியோர் பிராணாயாமம் என்று சொன்னதைக் கடலுக்கடியில் ஓர் இத்தாலியப் பெண்மணி செய்து காட்டினாள். எங்கள் எல்லாரிலும் அவள்தான் கடைசியாக மேலே வருவாள்.

மேலே வருவதிலும் அவசரம் கூடாது. அழுத்தத்தினால் இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், திடீரென்று மேலே வந்தால், திறந்த சோடா புட்டியில் போலக் குமிழியிடும். அதனால் ஐந்து மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிஷம் நின்று வரவேண்டும். நடுக்கடலில், ஒன்றும் செய்யாமல், அந்தரத்தில் மூன்று நிமிஷம்! ஸ்திரீகளுக்கு அத்தகைய ஓய்வு வீட்டில் கிடைக்காது என்பதை மாத்திரம் சொல்லி வைக்கிறேன்.

என் சான்றிதழ் பதினெட்டு மீட்டர் ஆழம் வரைக்குந்தான். முதல் நாள், மாலேக்கு வடகிழக்கே லங்கன் என்ற பாறையில், மூக்கைப் பிடித்து ஊதிக் காதைச் சரிசெய்துகொண்டே கீழே போனோம். என் தமக்கை பெண் அணிந்திருந்த சிவப்புக் கையுறை, இறங்க இறங்கச் சாம்பலும் கறுப்புமாக மாறியது. நீரானது வெளிச்சத்தில் சிவப்பை முதலில் விழுங்கிவிடுகிறது. விளக்கை அடித்தால் மறுபடி சிவக்கிறது. பாறையருகே முழங்காலிட்டாற்போல் மிதந்து காத்திருந்தோம். நீலத்துக்குள்ளிருந்து ஒரு நிழல் வந்தது. பிறகு இன்னொன்று. கொம்புத் திருக்கைகள்! எங்கள் பக்கத்து மீன் சந்தையில் துண்டு போட்டுக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன்; உயிரோடு இருப்பது வேறு பிராணி. இரு கையையும் விரித்த மனிதர் இருவர் அகலம் இருக்கும். சிறகை ஒருமுறை அசைத்துவிட்டுப் பாறைக்கு மேல் வந்து நின்றது. சிறு மீன்கள் கூட்டமாக ஓடி வந்து அதன் வயிற்றையும் செவுளையும் கொத்திச் சுத்தம் செய்தன. நாவிதர் கடை! ஒன்று முடிந்ததும் அடுத்தது வருகிறது, வரிசை தவறவில்லை. அவற்றின் வயிற்றிலுள்ள புள்ளிகள் நம் கைரேகை போல ஒன்றுக்கொன்று வேறானவையாம். அவற்றைப் படம் பிடித்து ஆயிரக்கணக்கான திருக்கைகளை ஆராய்ச்சியாளர் அடையாளம் கண்டிருக்கிறார்கள். என் தலைக்கு ஒரு முழ உயரத்தில் ஒன்று கடந்து சென்றபோது அதன் கண் என்னைப் பார்த்தது. பயம் வரவேண்டிய இடம் அது, வரவில்லை. ஏன் என்று பிறகு யோசித்தேன். பயப்படுவதற்கு நேரமில்லாதபடி காற்று, ஆழம், ஜோடி மூன்றையும் மாறி மாறிப் பார்த்துக்கொள்ளும்படி பழக்கியிருந்தார்கள். அவ்வளவுதான்.

வாவு அடாலில் அலிமதா என்ற இடத்தில் ஓர் இரவு, செவிலிச் சுறாக்கள் எங்கள் கால்களுக்கிடையே நாய்க்குட்டிகள் போல் புகுந்து புகுந்து சென்றன. தெற்கு ஆரி அடாலில் நீர்மட்டத்திலேயே, கண்ணாடி மாத்திரம் அணிந்து, நம் மீனவர் 'அம்மணி உழுவை' என்று சொல்லும் திமிங்கிலச் சுறாவோடு நீந்தினோம். பஸ் வண்டியளவு பிராணி. தின்பதோ பெரும்பாலும் மிகச் சிறிய கடலுயிர். மாலத் தீவு சர்க்கார் 1995-லேயே அதைப் பிடிப்பதைத் தடுத்து, 2010-ல் எல்லாச் சுறாவையும் பிடிக்கக்கூடாதென்று சட்டம் செய்துவிட்டது. நம் தேசமும் 2001-ல் அம்மணி உழுவைக்குப் பாதுகாப்பு அளித்திருக்கிறது.

ஆனால் பவளப் பாறைகளைப் பற்றி எழுதும்போது மனம் கனக்கிறது. படங்களில் பார்த்து மனப்பாடமாயிருந்த வர்ணங்கள் பல இடங்களில் இல்லை. கைகால் முறிந்த எலும்புக்கூடுகளைப் போல வெளுத்தும் பாசி படிந்தும் கிடந்தன. கடல் நீர் வழக்கத்தைவிடச் சிறிது சூடேறிச் சில வாரம் அப்படியே நின்றால், பவளப் பூச்சி தன் உடலில் குடியிருந்து உணவூட்டும் நுண்பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. வெளுத்துப் பட்டினி கிடக்கிறது. சூடு தணியாவிட்டால் சாகிறது. 1998-ல் அங்கே ஆழமற்ற நீரிலிருந்த பவளத்தில் பெரும்பகுதி இப்படி அழிந்தது. மீண்டு வந்துகொண்டிருந்தபோது 2016-ல் மறுபடி. 2024-ல் உலகமெங்குமே. எங்கள் வழிகாட்டி ஐம்பது வயதைக் கடந்த தீவுக்காரர். "சிறுவனாக இருந்தபோது பார்த்த பாறையை என் பிள்ளைக்குச் சொல்லித்தான் காட்ட முடிகிறது" என்றார். இது அந்நிய தேசத்துத் துக்கம் என்று நாம் இருந்துவிட முடியாது. மன்னார் வளைகுடாவின் இருபத்தொரு தீவுகளைச் சுற்றியும் இதே பவளம், இதே வெளுப்பு. போதாததற்கு நாம் வெகுகாலம் அந்தப் பாறையை வெட்டியெடுத்துச் சுண்ணாம்பாக்கினோம்.

மற்றவர்கள் முப்பது மீட்டர் கால்வாய்களில் சாம்பல் சுறாக்களைப் பார்க்கப் போகும்போதெல்லாம் நான் கப்பலிலேயே இருந்துவிடுவேன். அந்த நேரங்கள் எனக்கு நஷ்டமாகவில்லை. சமையற்காரர் திருக்கோணமலைத் தமிழர். மாசிக் கருவாடும் தேங்காயும் வெங்காயமும் கலந்து, ரொட்டியோடு சாப்பிடுவதுதான் அத்தீவுகளின் காலை ஆகாரம். நான் சைவ உணவுக்காரி என்றதும் அவர் தினமும் எனக்கென்று மாசி போடாத சம்பல் அரைத்தார். முதல் நாள், "டீச்சர், நீங்கள் தமிழ் ஆக்களோ?" என்று கேட்டவர், மூன்றாம் நாள் என்னை "அக்கா" என்று அழைக்கத் தொடங்கிவிட்டார்.

"எங்கட கோணேசர் மலைக்குக் கீழ, கடலுக்குள்ள, பழைய கோயில்ட தூணெல்லாம் கிடக்குது அக்கா. வெள்ளைக்காரரை நான்தான் படகில கொண்டுபோய் இறக்கிவிடுவன்" என்றார் ஒரு நாள்.

"நீங்கள் இறங்கிப் பார்த்திருக்கிறீர்களா?"

"ஓம், சும்மா மூச்சுப் பிடிச்சுக்கொண்டு. போத்தல் கட்டுறதுக்குக் காசு வேணுமெல்லோ?"

போர்ச்சுகீசியர் பதினேழாம் நூற்றாண்டில் இடித்துக் கடலில் தள்ளிய கோணேசர் கோயிலின் எச்சங்களை, 1956-ல் அங்கே முக்குளித்த மைக் வில்ஸன் என்பவர் கண்டார். அவருடைய தோழர் ஆர்தர் கிளார்க் அதை உலகத்துக்கு எழுதினார். குஸ்தோ, காஞான் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் 1943-ல் இந்த மூச்சுக் கருவியை உருவாக்கியிராவிட்டால் அதுவும் நடந்திராது. ஹான்ஸ் ஹாஸ் என்ற ஆஸ்திரியர் 1957-58-ல் தம் 'ஸரிபா' கப்பலில் குடியிருந்துகொண்டே மாலத் தீவுக் கடலை ஆராய்ந்தார். எங்கள் உல்லாசக் கப்பலுக்கு அதைத்தான் பாட்டி என்று சொல்லவேண்டும்.

அதற்கெல்லாம் எவ்வளவோ காலம் முன்பே, கருவி ஒன்றுமின்றி, தூத்துக்குடிப் பரதவரும் கீழக்கரை முஸ்லிம்களும் மன்னார்க் கடலில் முத்துக் குளித்தார்கள். நள்ளிரவுக்கு மேல் நிலக்காற்றில் பாய் விரித்துப் புறப்பட்டு, விடியும்போது சிப்பிப் பாருக்கு மேல் போய் நிற்பார்கள். ஒரு படகில் ஐந்து கல், பத்துக் குளியாளர். ஒரு கல்லுக்கு இருவர், மாற்றி மாற்றி. கயிற்றில் கட்டிய கல்லைக் கால்விரலால் பற்றிக்கொண்டு இறங்கினால், ஒரு நிமிஷத்துக்குள் கூடையை நிரப்பவேண்டும். மேலே கயிற்றைப் பிடித்து நிற்பவன் கையில்தான் உயிர். சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் ஜபிக்கும் 'கடல்கட்டி' ஒருவர் இல்லாமல் அவர்கள் இறங்கமாட்டார்கள். இலங்கைச் சலாபங்களில் எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு. உயிரைப் பணயம் வைத்தவர்களுக்கு ஒரு பங்கு. தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை நடந்ததோடு முத்துக்குளிப்பு ஓய்ந்துவிட்டது. அவர்கள் கூலிக்கு இறங்கிய கடலில் நாங்கள் பணம் கொடுத்து இறங்குகிறோம். இருவர் ஜோடி, மேலே ஒரு காவல், முறை தவறாத ஒழுங்கு என்ற சட்டத்தை மாத்திரம் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டோம் போலும்! கணக்கு வாத்தியாராகிய எனக்கு இந்தப் பாகப் பிரிவினை சரியாகப் படவில்லை.

ஆறாம் நாள் மாலை பேச்சு ஆழிப் பேரலையின் பக்கம் திரும்பிற்று. அந்தத் தீவுகளிலும் நூறு உயிர் போனதென்றார் வழிகாட்டி. எங்கள் கடலூர் ஜில்லாவில் அறுநூறுக்கு மேல் என்றேன். "அதற்குப் பிறகு உங்கள் பிள்ளைகள் நீந்தக் கற்றுக்கொண்டார்களா?" என்று அவர் கேட்டார். அவர்கள் தேசத்தில் தீவுக் குழந்தைக்கு நீச்சல் நடையைப் போல வருகிறது. நான் பதில் சொல்லவில்லை. அவருக்குச் சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

2022-ஆம் வருஷம் ஜூன் 5-ஆம் தேதி, நெல்லிக்குப்பத்தை அடுத்த குச்சிப்பாளையத்தில், கெடிலத்துத் தடுப்பணையருகே குளிக்க இறங்கிய ஏழு பெண்கள் மூழ்கி இறந்தார்கள். சிறுமிகளும் இளம் பெண்களும். அதே கெடிலந்தான் எங்கள் கோயில் வாசலில் வடக்கு முகமாகத் திரும்பி ஓடுகிறது. பெருமாளின் தாகத்துக்காகக் கருடன் கொண்டுவந்த தீர்த்தம் என்று எங்கள் ஸ்தல புராணம் அதைக் கொண்டாடுகிறது. பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில், என் வகுப்பில் நீந்தத் தெரிந்தவர்கள் கை தூக்குங்கள் என்றேன். நாற்பத்திரண்டு பேரில் ஒரு கைகூட எழவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "உங்களுக்குத் தெரியுமா, டீச்சர்?" என்று கேட்டாள். அந்த மாதமே என் நாற்பத்தைந்து வயதுக் கைகால்களைக் குளத்துக்குக் கொண்டுபோனேன். ஸ்கூபாவெல்லாம் அதற்குப் பின் வந்த வால்.

ஏழாம் நாள் யாரும் கடலில் இறங்கவில்லை. உடலில் மிச்சமுள்ள நைட்ரஜன் வெளியேறுவதற்காக, விமானம் ஏறுமுன் பதினெட்டு மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். ஈர உடைகள் மேல்தட்டுக் கொடியில் காய்ந்தன. ஜெர்மானியர்கள் கையேட்டில் மீன் பெயர்களைச் சரி பார்த்தார்கள். சமையற்காரர் ஒரு பொட்டலம் தேங்காய்ச் சம்பல் கட்டிக் கொடுத்தார். விமான நிலையத்தில் அதைச் சாப்பிட்டு முடித்தோம்.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும், ஒன்பதாம் வகுப்புப் பெண்களைச் சனிக்கிழமைதோறும் நீச்சல் குளத்துக்கு அழைத்துச் செல்ல அனுமதி கேட்டுப் பெற்றோர்களுக்குக் கடிதம் அனுப்பினேன். எந்த உடை, யார் கற்றுக்கொடுப்பது, ஆண்கள் இருப்பார்களா, பஸ் செலவு யாருடையது என்று பல கேள்விகள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினேன். இதுவரை பதினாறு கையெழுத்து வந்திருக்கிறது. ஒரு தாயார் மாத்திரம் கையெழுத்திடாமல், கடிதத்தின் அடியில், "டீச்சரும் தண்ணீரில் இறங்குவீர்களா?" என்று எழுதியனுப்பியிருந்தார். இறங்குவேன் என்று எழுதி, அந்தப் பெண்ணிடமே கடிதத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.